நின்றால் வரும் வலி

பெண்ணின் இடுப்புக்குழியில் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் சூழ்ந்துள்ள சிரைகள், இரத்தத்தைப் புவியீர்ப்பை எதிர்த்து இதயத்தை நோக்கி மேலேற்ற வேண்டியவை. ஏறிய இரத்தம் கீழிறங்காதபடி அவற்றுள் மெல்லிய இதழ்களாலான வால்வுகள் உள்ளன. கர்ப்பகாலத்தில் பல மடங்கு விரியும் இச்சிரைகள் பிள்ளைப்பேற்றுக்குப் பின் பழைய அளவுக்குச் சுருங்காவிட்டால், இதழ்கள் ஒன்றையொன்று தொட முடியாமல் விலகி நிற்க, இரத்தம் பின்னோக்கி வழிந்து தேங்குகிறது. காலில் நரம்பு சுருட்டல் என்று எல்லாரும் அறிந்த கோளாறே இங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நேர்கிறது. வலது சினைப்பைச் சிரையைப் போலப் பெருஞ்சிரையில் சேராமல், சிறுநீரகச் சிரையில் ஏறக்குறைய செங்கோணத்தில் போய்ச் சேர்வதால், இடது சிரையே பெரும்பாலும் பழுதுபடுகிறது.

பெங்களூரு பீனியாவின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசை முன் நின்றே பொழுதைக் கழிக்கும் ஒரு பெண்ணின் நாளில் வைத்துப் பார்த்தால் இத்தேக்கம் தரும் வலியின் இயல்பு விளங்கும்: காலையில் இல்லாத கனம் பிற்பகலில் அடிவயிற்றில் இறங்கி, மாலையில் இடுப்பைக் கடுத்து, இரவில் படுத்ததும் தணியும். படுக்கவைத்து எடுக்கும் ஸ்கேனில் சிரைகள் வடிந்துவிடுவதாலும், லேப்ராஸ்கோப்பியின்போது வயிற்றில் செலுத்தும் வாயு அவற்றை நசுக்கிவிடுவதாலும், கோளாறு தப்பிவிடக்கூடும். ‘எல்லாம் நார்மல்’ என்ற சீட்டை வைத்துக்கொண்டு வலியே பொய் என்று முடிவு கட்டுவது பெண்களுக்கு இழைக்கும் அநீதி. நின்ற நிலையிலோ, மூச்சை அடக்கி முக்கும்போதோ டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால் பின்னோட்டம் புலப்படும்.

தேக்கம் சிரையின் சுவரிலும் வேலை செய்கிறது. ஓடும் இரத்தத்தின் உரசலால் நலமாக இருக்கும் உட்சுவர், ஓட்டம் மந்தமானதும் வெள்ளணுக்களைத் தன்மேல் ஒட்டவிடுகிறது. அவை சூப்பராக்சைடு போன்ற, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் வடிவங்களை வெளியிடுகின்றன. இவை உடலின் தடுப்பு நொதிகளை மீறிப் பெருகுவதே ஆக்சிஜனேற்ற அழுத்தம். இக்கருத்தை 1985இல் வரையறுத்தவர் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ். சூப்பராக்சைடு, இரத்தக்குழாயைக் காக்கும் நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்து அதைக் கேடு செய்யும் பெராக்சிநைட்ரைட்டாக மாற்றுகிறது. செல் சவ்வின் கொழுப்பு சிதைந்து மேலோன்டைஆல்டிஹைடு பிறக்கிறது. இதை அளக்க இரத்த மாதிரியைத் தயோபார்பிட்யூரிக் அமிலத்துடன் சூடாக்கினால் குழாயில் இளஞ்சிவப்பு படரும். நிறம் அடர, சிதைவும் மிகுதி என்று கணிக்கிறார்கள். ஆனால் கையில் எடுத்த இரத்தம் உடல் முழுவதற்குமான கலவை என்பதால், இடுப்புச் சிரையின் நிலையை அது முழுதாகச் சொல்லிவிடாது.

இந்த வேதியியலில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. இந்திய அறிவியல் கழகத்தின் டி. ராமசர்மா, செல் சவ்வுகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும் விதத்தை ஆராய்ந்தவர். அங்கேயே ஜி. முகேஷின் குழு, வனேடியம் பென்டாக்சைடு நுண்கம்பிகள் குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்னும் உடலின் காவல் நொதியைப் போலவே பெராக்சைடை நீக்குவதை 2014இல் காட்டியது. இது செல்களில் கண்ட முடிவே தவிர, சிரைநோய்க்கான மருந்து அல்ல.

கடையில் விற்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எதுவும் விலகிய வால்வை மூடாது. கழுத்திலோ தொடை இடுக்கிலோ நுழைக்கும் மெல்லிய குழாய் வழியே உலோகச் சுருளை வைத்துப் பழுதுபட்ட சிரையை அடைக்கும் சிகிச்சை ஓட்டத்தையே திருத்துகிறது. இரத்தம் வேறு நல்ல சிரைகளின் வழியே மேலேற, தேக்கம் நீங்கிய இடத்தில் வெள்ளணுக்கள் ஒட்டுவதற்கான காரணமும் குறைகிறது.