ஆழ்கடற் குழாயின் காவல்

கடலடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்குந் தொழிலில் அரிய பகுதி எதுவென்று வினவினால், கிணறு தோண்டுவதே என நேயர்களிற் பலர் விடை பகர்வர். தோண்டியபின் மேலெழுந்து வருவதை அடக்கி ஆள்வது அதனினும் அரிது.

நோர்வேக் கடலிலே கிறிஸ்டின் என்றொரு வயல் உண்டு. அங்கே 2005ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிற்று. கிணற்று வாய்கள் ஏறக்குறைய 370 மீற்றர் ஆழத்திற் கடற்றரையில் இருக்கின்றன. அவ்விடத்துக் கடல்நீரின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் 37 மடங்களவே. கீழே, பாறைக்குள் அடைபட்டுக் கிடந்த வாயுவின் அமுக்கமோ ஏறக்குறைய 900 மடங்கு!

வாயு தடையின்றி ஓடும்போது குழாயில் அமுக்கம் தணிந்தே இருக்கும். மேலேயுள்ள மிதக்கும் மேடையில் வழி திடீரென அடைபட்டால், கிணற்றின் வேகம் முழுவதும் குழாயின்மேற் பாயும். அதனைத் தாங்குமாறு குழாய் முழுவதையும் தடித்த உருக்கினாற் செய்தால் செலவு பெருகும், ஒட்டுவேலையும் கடினமாகும். ஆதலால், கிணற்றுக்கு ஈடுகொடுக்க மாட்டாத குழாயையே பதித்து, அதன் தலைப்பில் ஒரு காவலை வைத்தனர். அக்காவல் தவறினால் குழாய் வெடிக்கும்.

கலைப் பட்டதாரியாகிய என்னை வியக்க வைப்பது இக்காவலின் அமைப்பே. கிணற்று வால்வுகளை நாளாந்தம் ஆள்வதற்கு மேடையிலிருந்து மின்கட்டளையும் அமுக்கத் திரவமும் நீண்ட வடமொன்றின் வழியே இறங்குகின்றன. காவலோ மேடையின் கட்டளைக்குக் காத்திராது. இத்தகைய அமைப்புகளிலே வழக்கமாக மூன்று அமுக்கமானிகள் குழாயை அளந்தபடி இருக்கும். இரண்டு ஒத்துச் சொன்னால் வால்வு மூடும். ஒன்றை மட்டும் நம்பினால், அது பழுதுற்று வாளாவிருக்கலாம். வீணே கூக்குரலிட்டு உற்பத்தியை நிறுத்தவுங் கூடும்.

வால்வைத் திறந்து வைத்திருப்பது திரவத்தின் அமுக்கம். மூடுவது வலிய சுருள்வில். வடம் அறுந்து திரவத்தின் அமுக்கம் இறங்கினால், வில் தானே விரிந்து வால்வைச் சாத்திவிடும். திறந்திருக்கவே வலு வேண்டும், மூடுவதற்கு வேண்டியதில்லை. ஒன்று சிக்கினாலும் மற்றது மூடும்படி இரு வால்வுகள் அடுத்தடுத்து நிற்கும்.

பல மாதம் அசையாது நின்ற வால்வு இறுகிப் போகலாம் அல்லவா? அதனாற் குறித்த காலங்களில் ஓட்டத்தை நிறுத்தி வால்வுகளை மூடிச் சோதிக்கின்றனர். நிறுத்தும் ஒவ்வொரு மணியும் நட்டமே. எனினும் வேறு வழியில்லை. இரு வால்வுகளுக்கும் இடைப்பட்ட குழாயில் அமுக்கத்தைத் தணித்துவிட்டுப் பார்த்திருப்பர். அது மீண்டும் ஏறினால், கிணற்றுப் பக்கத்து வால்வு கசிகின்றது.