சான்றிதழா, சாட்சியா?
மலைநாட்டுத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் மனப் போராட்டம்

மூணாறில் குன்றின்மேல் ஒரு பழைய கல் கோயில் இருக்கிறது. அங்கே கோயிலுக்கு முன்பே கல்லறை வந்துவிட்டது. 1894இல் காலராவுக்குப் பலியான எலினார் நைட் என்ற ஆங்கிலப் பெண்மணியை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். 1910இல் அடிக்கல் நாட்டித் துரைமார்கள் எழுப்பிய அந்தக் கோயிலில் இன்று தமிழிலும் ஆராதனை நடக்கிறது. கங்காணிகளோடு மலையேறி வந்தவர்களின் பேரன் பேத்திகள் அங்கே மண்டியிடுகிறார்கள்.

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல உண்டு. 2013இல் அந்த மாவட்டத்துக்கென்று சுல்தான்பேட்டை மறைமாவட்டம் ஏற்பட்டது.

இந்த இரு எல்லைகளிலும் பல கிறிஸ்தவ வீடுகளை வாட்டும் கேள்வி ஒன்று இருக்கிறது. அது சாதிச் சான்றிதழைப் பற்றியது.

லயத்து வீட்டில் ஓர் இரவு

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவும் அம்மாவும் தோட்டத் தொழிலாளிகள். மகன் பன்னிரண்டாம் வகுப்பு தேறிவிட்டான். தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்ற ஆதிதிராவிடக் குடும்பம். "இந்து என்று எழுதிக் கொடுத்தால் சீட்டு கிடைக்கும்மா, எழுதட்டுமா?" என்று மகன் கேட்கிறான். தாய் பதில் சொல்லாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தகப்பனாருக்குத் தூக்கம் வருவதில்லை.

அவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். கிறிஸ்தவர்களானதால் அவர்கள் குடியிருக்கும் லயம் மாறவில்லை; கூலி உயரவில்லை; ஊராரின் பார்வையும் மாறிவிடவில்லை. மாறியது சட்டத்தின் கணக்கு மட்டுமே.

1950இன் உத்தரவு

1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வெளியான ஜனாதிபதி உத்தரவின்படி, இந்து மதத்தைச் சேர்ந்தவர் மட்டுமே ஷெட்யூல்டு வகுப்பினர். பின்னர் 1956இல் சீக்கியர்களும், 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை.

சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்துவந்த சூசை என்பவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறிய பிறகும் பழைய இழிவுகள் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி, 1985இல் வழக்கு தள்ளுபடியாயிற்று.

கேரளத்தைச் சேர்ந்த மனு என்பவரின் வழக்கு வேறு விதமானது. தாத்தா காலத்தில் கிறிஸ்தவரான குடும்பத்தில் பிறந்த அவர், இந்து மதத்துக்குத் திரும்பினார். சமூகத்தார் ஏற்றுக்கொண்டால் பழைய சாதி உரிமை மீளும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2024இல் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவ வாழ்வை நடத்திக்கொண்டே சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏய்ப்பதாகும் என்று அதே நீதிமன்றம் கண்டித்தது.

தேவிகுளம் தனித்தொகுதி வழக்கு இடுக்கித் தமிழர்கள் அனைவரும் அறிந்தது. 2021இல் வெற்றி பெற்ற ஏ. ராஜாவின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் ரத்துச் செய்தது. 2025இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி, தேர்தல் செல்லும் என்றது. இடையில் சபைப் பதிவேடுகளும் கல்யாணப் படங்களும் கோர்ட்டில் அலசப்பட்டன. அவருடைய முன்னோர் எப்போது கேரளத்தில் குடியேறினார்கள் என்ற கேள்வியும் எழுந்தது. சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி என்பதால், பிழைக்க வந்த ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் இதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

பேதுருவும் நாகமானும்

சட்டம் இப்படியிருக்க, மனச்சாட்சி என்ன சொல்கிறது? விசுவாசிகளிடையே இரண்டு எண்ணங்கள் உண்டு.

முதலாவது, பேதுருவின் கதை. குளிர் காய்ந்த இடத்தில் கேள்வி வந்தபோது, தம் குருவை அறியேன் என்று மூன்று முறை மறுதலித்தார்; சேவல் கூவியதும் மனங்கசந்து அழுதார். பாரத்தில் மதம் என்ற கட்டத்தை நிரப்பும் கை நடுங்குவதும் இதனால்தான்.

இரண்டாவது, சீரிய நாட்டுப் படைத்தலைவன் நாகமானின் கதை. மெய்யான தேவனை நம்பிய பிறகும், தன் அரசனோடு அந்நிய கோயிலில் குனிய வேண்டிய உத்தியோக நிர்ப்பந்தத்தைச் சொல்லி அவன் மன்னிப்புக் கேட்டான். தீர்க்கதரிசி எலிசா அவனைச் சபிக்கவில்லை, சமாதானத்தோடே அனுப்பினார்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நாகமான் தன் நிலைமையை ஒளிக்கவில்லை. முதலிலேயே திறந்து சொன்னான். பேதுருவும் அழுத பிறகு தள்ளப்படவில்லை. மந்தையை மேய்க்கும் பொறுப்பு அவரிடமே தரப்பட்டது. விழுந்தவன் எழலாம், ஆனால் மூடி மறைத்தவனுக்கு அமைதி இல்லை என்பதே இரு கதைகளும் சொல்லும் பாடம்.

நேர்வழி உண்டா?

சிறியதானாலும் உண்டு. தாழ்த்தப்பட்டோரிலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்குக் கேரளத்தில் கல்விச் சலுகைகள் இருக்கின்றன. அவர்களுக்காகக் கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட வளர்ச்சிக் கழகம் 1980இல் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். சட்டத்தையே மாற்றக் கோரும் வழக்குகளும் நடந்துவந்தன. 2022இல் மத்திய அரசு, முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராயக் கமிஷன் அமைத்தது.

சபைகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. சான்றிதழுக்காகத் தடுமாறும் இளைஞனைப் பிரசங்க மேடையிலிருந்து கடிந்துகொள்வது எளிது. அவனுடைய கல்லூரிச் சம்பளத்துக்குக் காணிக்கையில் ஒரு பங்கை ஒதுக்குவது கடினம். கீழ்ப்படிதலைக் கேட்கிறவர்கள் அதன் விலையில் பாதியையாவது சுமக்க வேண்டாமா?

லயத்து வீட்டில் மகன் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் காத்திருக்கிறான். எதை எழுதினாலும் அவன் எழுதுவது தன் ஒருவனுக்காக மட்டும் அல்ல. கொழுந்துக் கூடை சுமந்து தழும்பேறிய ஒரு தாயின் முதுகுக்காகவும்தான்.