எஸ்பிஎம் ஆங்கிலம்: இலக்கணப் பயத்தால் இழக்கும் புள்ளிகள்

இரவு எட்டு மணி. படிவம் 4 பயிலும் பிள்ளை, மறுநாள் ஒப்படைக்க வேண்டிய ஆங்கிலக் கட்டுரையுடன் உட்கார்ந்திருக்கிறது. தேதியும் தலைப்பும் எழுதியாகிவிட்டது. அதற்குக் கீழே ஒரு வரியும் இல்லை. சொல்வதற்கு விஷயம் இல்லாமல் இல்லை. முதல் வாக்கியத்திலேயே பிழை வந்துவிடுமோ, வகுப்பில் சிரிப்பார்களோ என்ற பயம்தான் பேனாவைப் பிடித்து நிறுத்துகிறது. தோட்டப்புறத்திலும் சரி, பட்டணத்துத் தாமான்களிலும் சரி, பல வீடுகளில் காணும் காட்சி இது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வீட்டில் தமிழ், வகுப்பறையில் மலாய். ஆங்கிலம் காதில் விழுவது பெரும்பாலும் ஆங்கிலப் பாட நேரத்தில் மட்டுமே. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எஸ்பிஎம் சான்றிதழ் பெற தேசிய மொழியிலும் வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி கட்டாயம். ஆங்கிலத்திற்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் தள்ளிப் போடுகிறார்கள். ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு மனுச் செய்யும்போது மூயெட் எனும் ஆங்கிலத் தேர்வு முன்னே நிற்கிறது. வேலைக்கான நேர்காணலிலும் ஆங்கிலம் வந்துவிடுகிறது. தள்ளிப் போட்டது அப்போது வட்டியோடு திரும்பி வருகிறது.

தேர்வில் என்ன கேட்கிறார்கள்?

2021 தேர்வு முதல் எஸ்பிஎம் ஆங்கிலம் புதிய அமைப்பில் நடக்கிறது. சிஇஎஃப்ஆர் எனப்படும் ஐரோப்பிய மொழி அளவுகோலை அது பின்பற்றுகிறது. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்ட அந்த அளவுகோலில், படிவம் 5 முடிக்கும் மாணவர் பி1 அல்லது பி2 படியை எட்ட வேண்டும் என்பது இலக்கு. வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்கள் உள்ளன.

வாசிப்புத் தாளில் 40 கேள்விகள். நேரம் ஒன்றரை மணி. அறிவிப்பு, குறுஞ்செய்தி போன்ற சிறு பகுதிகளில் தொடங்கி, விடுபட்ட சொல்லை நிரப்புதல், நீண்ட பகுதியைப் படித்து விடையளித்தல், விடுபட்ட வாக்கியத்தை உரிய இடத்தில் சேர்த்தல், தகவலைப் பொருத்தி எடுத்தெழுதுதல் என ஐந்து பிரிவுகளாகச் செல்கிறது.

எழுத்துத் தாளுக்கும் ஒன்றரை மணி நேரம்தான். இதில் மூன்று பிரிவுகள். முதலாவது, நண்பருக்கு ஏறக்குறைய 80 சொற்களில் மின்னஞ்சல் பதில். இரண்டாவது, கொடுக்கப்பட்ட குறிப்புகளைக் கொண்டு 125 முதல் 150 சொற்கள் வரை கட்டுரை. மூன்றாவது, மூன்று தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து 200 முதல் 250 சொற்கள் வரை. ஒவ்வொரு பிரிவுக்கும் 20 புள்ளிகள், மொத்தம் 60.

பலர் கவனிக்காத விஷயம், அந்த 20 புள்ளிகள் எப்படிப் பிரிகின்றன என்பதுதான். கேட்டதற்கெல்லாம் பதில் உண்டா என்பதற்கு 5, வாசிப்பவருக்கு ஏற்ற தொனியில் கருத்து போய்ச் சேர்கிறதா என்பதற்கு 5, பத்தி ஒழுங்குக்கு 5, மொழிக்கு 5. இலக்கணமும் சொல்வளமும் அடங்கும் மொழிப் பகுதி நான்கில் ஒரு பங்குதான். இலக்கணத்துக்குப் பயந்து தாளை வெறுமையாக விடும் பிள்ளை, தன்னால் எட்டக்கூடிய மற்ற மூன்று பங்கையும் சேர்த்தே இழக்கிறது.

பிழைகள் எங்கிருந்து வருகின்றன?

எழுத உட்காரும்போது மனத்தில் ஓடும் மொழி ஆங்கில வாக்கியத்தில் வந்து கலக்கிறது. எங்கே கலக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிழை குறையும்.

"அவர் ஆசிரியர்" என்று தமிழில் இரண்டே சொல்லில் முடித்துவிடலாம். மலாயிலும் "டியா குரு" போதும். ஆங்கிலத்தில் "ஹி இஸ் அ டீச்சர்" என்று "இஸ்", "அ" இரண்டும் வேண்டும். தமிழிலும் மலாயிலும் அவற்றுக்கு நேரான சொல் தேவைப்படாததால் கை அவற்றை விட்டுவிடுகிறது.

அடுத்தது இடத்தைக் குறிக்கும் சொற்கள். மேசையில், பெட்டியில், பேருந்து நிறுத்தத்தில் என மூன்றுக்கும் தமிழில் "இல்" ஒன்றே. மலாயில் "டி" ஒன்றே. ஆங்கிலத்திலோ மேசைக்கு "ஆன்", பெட்டிக்கு "இன்", பேருந்து நிறுத்தத்துக்கு "அட்". இதற்கு விதியை மனனம் செய்வதைவிட, சொல்லோடு சேர்த்தே பழகுவது எளிது.

தமிழ் கைகொடுக்கும் இடமும் உண்டு. மலாயில் "பெர்கி" என்ற வினைச்சொல் யார் போனாலும், எப்போது போனாலும் மாறாது. அதே பழக்கத்தில் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் "ஷி கோ" என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் தமிழில் போனான், போனாள், போகிறாள், போவார்கள் என்று ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப வினை மாறுவது நமக்குப் பிறந்தது முதல் பழக்கம். "ஷி கோஸ்" என்பதில் வரும் அந்த "ஸ்", "போகிறாள்" என்பதில் உள்ள "ஆள்" செய்யும் வேலையில் ஒரு பகுதியைத்தான் செய்கிறது என்று ஒருமுறை விளக்கினால், தமிழ் தெரிந்த பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

வாசிப்புப் பயிற்சி: தினமும் 15 நிமிடம்

தடித்த நாவலில் தொடங்க வேண்டியதில்லை. ஆங்கில நாளிதழில் வரும் நான்கைந்து பத்திச் செய்தி போதும். காற்பந்து பிடித்தவருக்குக் காற்பந்துச் செய்தி, சமையல் பிடித்தவருக்குச் சமையல் குறிப்பு.

முதல் முறை அகராதியைத் தொடாமல் கடைசிவரை படிக்க வேண்டும். யார், எங்கே, என்ன நடந்தது என்பது மட்டும் புரிந்தால் போதும். இரண்டாம் முறை, பொருள் புரியாமல் வழியை அடைக்கும் சொற்களை மட்டும் கோடிட வேண்டும். ஐந்துக்கு மேல் வேண்டாம். முன்பின் வாக்கியத்தைப் பார்த்து அர்த்தத்தை ஊகித்துவிட்டு, பிறகே அகராதி. ஊகம் சரியாக இருந்தால் அந்தச் சொல் மறக்காது.

அதே செய்தியைக் கொண்டு தேர்வுக்கும் பழகலாம். "இன்", "ஆன்", "அட்", "த" போன்ற சிறு சொற்களைத் திருத்தும் மையால் மறைத்துவிட்டு, மறுநாள் நினைவிலிருந்து நிரப்பிப் பார்க்கலாம். இது விடுபட்ட சொல் பிரிவுக்கான பயிற்சி. செய்தியைப் பத்தி பத்தியாக வெட்டிக் கலைத்து மீண்டும் வரிசைப்படுத்துவது, வாக்கியம் சேர்க்கும் பிரிவுக்கான பயிற்சி. "ஹி", "திஸ்", "ஹவெவர்" போன்ற சொற்கள் முந்தைய வாக்கியத்தில் எதைச் சுட்டுகின்றன என்று தேடும் பழக்கம் அப்படித்தான் வரும்.

எழுத்துப் பயிற்சி: கணக்குப் போட்டு எழுதலாம்

80 சொல் மின்னஞ்சலைக் கணக்காகப் பார்த்தால் பயம் குறையும். நண்பர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: பள்ளியில் எந்தக் கழகத்தில் சேரலாம், எந்த நாளில் கூடுகிறார்கள், என்ன கொண்டுவர வேண்டும். தொடக்கம் ஒரு வாக்கியம். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் ஒன்று, காரணம் ஒன்று என இரண்டு வாக்கியம். முடிவு ஒரு வாக்கியம். மொத்தம் எட்டு. வாக்கியத்துக்குப் பத்துச் சொல் என்றால் 80 வந்துவிட்டது.

இரண்டாம் பிரிவும் அப்படியே. முன்னுரை, மூன்று குறிப்புகளுக்கு மூன்று பத்தி, முடிவுரை என ஐந்து பத்திகள். பத்திக்கு 25 முதல் 30 சொல் என்றால் 125 முதல் 150 தானாக அமையும். குறிப்புகளில் ஒன்றை விட்டுவிட்டால், மற்றதை எவ்வளவு அழகாக எழுதினாலும் கருத்துக்கான புள்ளி குறையும். எழுதும் முன்பே கேள்வித்தாளில் ஒவ்வொரு குறிப்பையும் வட்டமிட்டு, எழுதியதும் அடித்துவிடுவது நல்ல பழக்கம்.

மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்வது பழைய வழி. கேள்வி சற்றுத் திரும்பினால் மனனம் செய்தது தலைப்பைவிட்டு விலகிவிடும். முழுக் கட்டுரையையும் தமிழில் எழுதிக் கைப்பேசியில் மொழிபெயர்ப்பதும் அப்படித்தான். வீட்டுப்பாடம் முடியும், தேர்வு மண்டபத்தில் கைப்பேசி இருக்காது. அதைவிட, நாமே எழுதியதைப் பிறகு கைப்பேசியில் சரிபார்த்து, மாறிய இடங்களை மட்டும் ஒரு நோட்டில் குறித்துவைக்கலாம். ஒரே பிழை மூன்று முறை நோட்டில் வந்தால், அந்த வாரம் அதை மட்டும் சரிசெய்தால் போதும்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோர் என்ன செய்யலாம்?

நிறையவே செய்யலாம். இரவு உணவுக்குப் பிறகு பத்து நிமிடம், பிள்ளை அன்று படித்த ஆங்கிலச் செய்தியை உரக்க வாசிக்கட்டும். பிறகு அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ அதைத் தமிழில் விளக்கட்டும். புரியாமல் வாசித்திருந்தால் விளக்கும்போது திணறும். திரும்பிப் போய்ப் படிக்கும். "ஏன் அப்படிச் செய்தார்கள்? பிறகு என்ன ஆனது?" என்று கேட்பதற்கு ஆங்கிலம் தேவையில்லை.

திருத்தப்பட்ட கட்டுரையைக் கொண்டுவரும்போது சிவப்புக் கோடுகளை எண்ணாமல், சென்ற மாதத்தைவிட எத்தனை வரி கூடியிருக்கிறது என்று பார்க்கலாம். வீட்டில் மட்டும் சிரிப்போ ஒப்பீடோ இருக்கக்கூடாது. "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்ற ஒரு சொல், பேனாவை மீண்டும் நிறுத்திவிடும்.

படிவம் 5க்கு வந்த பிறகு மூன்று மாதத்தில் அவசரமாகப் பிடிக்கும் பாடமல்ல இது. படிவம் 1இல் தொடங்கி நாளுக்குப் பதினைந்து நிமிடம் வாசித்து, வாரத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாலே, தேர்வுக்குள் இருநூறு மின்னஞ்சல்களுக்கு மேல் எழுதியிருப்பார்கள். அத்தனை முறை எழுதிய கைக்கு வெற்றுத்தாள் பயம் தராது.