வில்லும் நாணும் சொல்லும் கணக்கு

வட்டம் என்றால் நமக்கு அச்சமில்லை. வளையல், அப்பளம், தோசைக்கல், வண்டிச் சக்கரம் என நாள்தோறும் கண்டு பழகிய உருவம் அல்லவா? ஆனால் அந்த வட்டத்திற்குள் ஒன்றையொன்று வெட்டும் இரு நாண்களை வரைந்து, “தெரியாத நீளத்தைக் காண்க” என்றதும் நம்மில் பலருடைய முகம் வாடிவிடுகிறது. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்து, அதன் காரணத்தை விட்டுவிடுவதால் வரும் வாட்டம் அது. காரணத்தை ஒருமுறை கண்டுகொண்டால் சூத்திரம் தானே நினைவில் நிற்கும்.

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்வோம். ஒரு வட்டம் வரைந்து, அதில் கச என்று ஒரு நாணும், டத என்று மற்றொரு நாணும் இழுப்போம். இரண்டும் வட்டத்தினுள் ப என்னும் புள்ளியில் வெட்டட்டும். இப்போது ஒவ்வொரு நாணும் இரு துண்டாகிறது. ஒரு நாணின் இரு துண்டுகளைப் பெருக்கினால் வரும் பலன், மற்ற நாணின் இரு துண்டுகளைப் பெருக்கினால் வரும் பலனுக்குச் சமம். அதாவது,

கப × பச = டப × பத

இது எப்படி? க, ட என்னும் புள்ளிகளை இணைப்போம். ச, த என்னும் புள்ளிகளையும் இணைப்போம். கபட, தபச என இரு முக்கோணங்கள் கிடைக்கின்றன. ப என்னும் இடத்தில் உள்ள இரு கோணங்களும் குத்தெதிர்க் கோணங்கள், ஆகவே சமம். க, த என்னும் இடங்களில் உள்ள கோணங்கள் ஒரே வட்டத்துண்டில் அமைந்தவை, அவையும் சமம். ஆகவே முக்கோணங்கள் இரண்டும் வடிவொத்தவை. அவற்றின் ஒத்த பக்கங்கள் ஒரே விகிதத்தில் இருக்கும். அந்த விகிதத்தைக் குறுக்கே பெருக்கினால் நம் சூத்திரம் வந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. கப 6 செ.மீ., பச 4 செ.மீ., டப 3 செ.மீ. எனில் பத எவ்வளவு? 6 × 4 = 24. இதை 3 ஆல் வகுத்தால் 8 செ.மீ. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 6 + 4 = 10, ஆகவே மீதி 7 என்று கூட்டல் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். நாண்களின் முழு நீளங்கள் சமமாக இருக்க வேண்டியதில்லை. இங்கே ஒன்று 10, மற்றொன்று 11. சமமாவது பெருக்கற்பலனே.

சற்றுக் கடினமான வினா: ஒரு நாணின் துண்டுகள் 8, 5 செ.மீ.; மற்ற நாணின் முழு நீளம் 14 செ.மீ. எனில் அதன் துண்டுகள் யாவை? பெருக்கினால் 40, கூட்டினால் 14 வரும் இரு எண்களைத் தேடுவோம். 10, 4 என்பதே விடை.

இந்த உண்மை மிகப் பழையது. கி.மு. 300ஆம் ஆண்டளவில் வாழ்ந்த யூக்ளிட், தம் வடிவியல் நூலின் மூன்றாம் பகுதியில் இதை 35ஆவது தேற்றமாக நிறுவினார். நம் நாட்டு ஆரியபடர் கி.பி. 499ஆம் ஆண்டளவில் இயற்றிய ஆரியபடீயத்தில், ஒரு நாண் விட்டத்திற்குச் செங்குத்தாக அமையும் நிலைக்கு இதே விதியைக் கூறியுள்ளார். அப்போது விட்டம், நாணைச் சரிபாதியாக வெட்டும். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடு வரை உள்ள தூரத்தை அவர் ‘சரம்’, அதாவது அம்பு என்கிறார். வில், நாண், அம்பு! எவ்வளவு பொருத்தமான பெயர்கள்!

அந்த அம்பின் பயனைப் பார்ப்போம். உடைந்த தட்டின் ஒரு துண்டு மட்டும் கையில் இருக்கிறது. அதன் வளைந்த விளிம்பில் இரு புள்ளிகளை இணைக்கும் நாண் 24 செ.மீ.; நாணின் நடுவிலிருந்து விளிம்பு வரை செங்குத்து உயரம் 8 செ.மீ. அரை நாண் 12. 12 × 12 = 144; 144 ÷ 8 = 18. ஆகவே முழுத் தட்டின் விட்டம் 18 + 8 = 26 செ.மீ. காணாமற்போன பகுதியின் அளவைக் கையில் உள்ள துண்டே சொல்லிவிடுகிறது!

சீன நாட்டின் ஹெபெய் மாகாணத்தில், கி.பி. 605ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பெற்ற ஆன்ஜி கற்பாலம் இன்றும் நிற்கிறது. அதன் வளைவு ஒரு வட்டவில். அகலம் சுமார் 37 மீட்டர். உயரம் சுமார் 7 மீட்டர். அந்த வட்டத்தின் மையமோ ஆற்று மட்டத்திற்கும் மிகக் கீழே, யாரும் சென்று அளக்க முடியாத இடத்தில் உள்ளது. நாம் தாளிலேயே அளந்துவிடலாம். 18.5 × 18.5 ÷ 7 என்பது ஏறத்தாழ 49. அதனோடு 7 கூட்ட விட்டம் 56 மீட்டர். ஆரம் 28 மீட்டர்.

ஆகவே, தோழியரே, அடுத்த முறை “தெரியாத நீளத்தைக் காண்க” என்று வினா வந்தால் மலைக்க வேண்டாம். தெரிந்த மூன்றையும் பொறுமையாக எழுதி வைப்போம். நான்காவது தானே வெளிப்படும்.