ஸ்பீடோமீட்டர் ஏன் கூட்டிச் சொல்கிறது?

காரின் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கைபேசியின் ஜிபிஎஸ் 95 என்கிறது. எது சரி? திறந்த, நேரான சாலையில் சீராக ஓட்டினால் பெரும்பாலும் ஜிபிஎஸ்தான்.

கார் தன் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுழல்கிறது என்று சென்சார் எண்ணும். அதை டயரின் சுற்றளவால் பெருக்கி வேகம் கணக்கிடப்படுகிறது. சிக்கல் அந்தச் சுற்றளவில்தான். புது டயரின் பட்டன் ஆழம் சுமார் 8 மி.மீ. அது 1.6 மி.மீ. வரை தேய்ந்தால் டயரின் விட்டம் கிட்டத்தட்ட 13 மி.மீ. குறைந்துவிடும். அதே தூரத்தைக் கடக்கச் சக்கரம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். முள்ளும் கூட்டிக் காட்டும்.

ஆனால் வித்தியாசத்தின் பெரும்பகுதி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ஐ.நா.வின் 39-ஆம் வாகன விதிப்படி, காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிடக் குறையவே கூடாது. கூடலாம்: உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு 4 கி.மீ. வரை. அதாவது 80-இல் போகும் கார் 92 என்றுகூடக் காட்டலாம். டயர் எப்படி இருந்தாலும் விதி மீறாதபடி, தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே சற்று ஏற்றி வைக்கிறார்கள். உயிர் சம்பந்தப்பட்ட அளவு என்பதால் இது நியாயம்தான்.

நிறுவனம் சொன்னதைவிடப் பெரிய டயர் மாட்டினால் அந்தப் பாதுகாப்பு கரைந்துபோகும். அளவு மிகவும் கூடினால், முள் 80-இல் நிற்கும்போதே கார் அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்.