சிறாரின் மனத்திறனை அளவிடுவது யார்? சட்டம் கூறுவது என்ன?

பெங்களூரு: கொடுங்குற்றச் சாட்டுக்கு உள்ளான 16 முதல் 18 வயதுக்குட்பட்ட சிறாரை வயதுவந்தோராகக் கருதி விசாரிக்கலாமா என முடிவெடுக்கும் முன், இளைஞர் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு.

உடல், மனத் திறன், விளைவை உணரும் ஆற்றல், சம்பவச் சூழல் ஆகியவை ஆராயப்படும். சிறார் அச்செயலைச் செய்தாரா என்பது இங்கு கேள்வியே அல்ல. ஆயினும், சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் 3 ஆண்டுகளா, குழந்தைகள் நீதிமன்ற விசாரணையா என்பது இதைப் பொறுத்தே அமையும்.

உளவியலாளரின் உதவியைப் 'பெறலாம்' என்றே சட்டம் கூறுகிறது. குழந்தை உளவியல் அல்லது மனநல மருத்துவம் பயின்ற உறுப்பினர் இல்லாத குழுமத்துக்கு அது கட்டாயம் என 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதிப்பீட்டுக்கான 3 மாதக் காலவரம்பு கட்டாயமன்று என 2024-இல் கர்நாடக வழக்கொன்றில் அந்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

முன்பு மைசூரு மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் உள்ள கோபிநத்தம் போன்ற எல்லையோரத் தமிழ்க் கிராமங்களுக்கு மொழியும் ஒரு சிக்கலே. கன்னடக் கேள்விக்குத் தயங்கும் சிறாரின் மௌனம், புரிதல் குறைவாகவோ மறைப்பாகவோ பதிவாகிவிடலாம். மொழி புரியாத சிறாருக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தும் பொறுப்பை 8-ஆவது பிரிவு குழுமத்திடமே ஒப்படைத்துள்ளது.