குறை சொல்லாத பாட்டு

தனி ஆவர்த்தனம் முடிந்ததும் செருப்பைத் தேடிக் கிளம்புகிறவர்களைக் கச்சேரிகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் கச்சேரியிலோ, அவர்களும் எழுந்திருக்கத் தயங்குவார்கள். ‘குறை ஒன்றும் இல்லை’ இன்னும் வரவில்லையே!

திருமலைப் பெருமானை நினைத்து ராஜாஜி எழுதிய பாட்டு அது. மெட்டமைத்தவர் கடையநல்லூர் வெங்கடராமன். சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி என்று மூன்று ராகங்களில், அவசரமே இல்லாமல் நகரும். தமிழோ எளிய தமிழ். கூடவே முணுமுணுக்க வித்வத்து வேண்டியதில்லை.

அது மட்டும்தானா காரணம்? பாடியவர் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1916-ல் மதுரையில், வீணை வாசித்த சண்முகவடிவின் மகளாகப் பிறந்தவர். தேவதாசி மரபில் வந்த பெண்களை, பாட்டை ரசித்த ஊரே ஏளனமும் செய்த காலம் அது. குறை சொல்ல அவருக்கா விஷயம் இல்லை? அவரே ‘இல்லை’ என்று பாடியபோது, மாதக் கடைசிக் கவலையோடு வந்திருந்த குடும்பத் தலைவிக்கும் மனசு லேசாயிற்று.

1997-ல் கணவர் சதாசிவம் மறைந்தபின் எம். எஸ். கச்சேரி மேடை ஏறவில்லை. 2004-ல் அவரும் மறைந்தார். பாட்டு மறையவில்லை. இன்று வேறு யாராவது அதைப் பாடும்போது, பின்வரிசைப் பெண்களின் உதடுகளைக் கவனியுங்கள், தாமாகவே அசையும். குறைகளெல்லாம் வீட்டில் பத்திரமாகத்தான் இருக்கின்றன. அந்தச் சில நிமிஷங்களுக்கு அவை கூட வருவதில்லை, அவ்வளவுதான்!